அடைப்பு வீட்டுக்கு ஒரு கிராக்கி

பாப்பு,

காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. சந்துப் பக்கம், உன் ரூம் சுவரில் புதுசாகப் பூசின இடம் மட்டும் நனைந்து சிமெண்டு வாசனை அடித்தது. பழைய சுவர் நனைந்தால் அந்த வாசனை வராது. வீடு முழுக்க நிலக்கரித் தூசு படிந்து கறுத்திருக்கிறது. அந்த ஜன்னல் அளவு இடம் மட்டும் வெளுத்து நிற்கிறது, கறுப்புச் சட்டையில் வேறு துணி வைத்து ஒட்டுப் போட்ட மாதிரி. பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் போய் அங்கே நின்றேன்.

இந்த வாசனை உனக்குப் பிடிக்கும். வீடு கட்டும்போது சுவருக்குத் தண்ணீர் விடுவது உன் வேலை. குழந்தை கதிரை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளியிலிருந்து சொம்பு சொம்பாக வாரி அடிப்பாய். கொத்தனார் போதும் போதும் என்றாலும் விட மாட்டாய்.

"குடிக்குதுக்கா, பாரு. எவ்ளோ ஊத்தினாலும் குடிக்குது. பொறந்த கொழந்த மாதிரி."

"இப்ப தண்ணிய குடிக்குது. வளந்தா நம்மள குடிக்கும், பாத்துக்கோ" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். நீ சிரித்து, மிச்சத் தண்ணீரை என் மேல் வீசினாய்.

அதற்கு முன்னால் நமக்கென்று ஒரு செங்கல் கிடையாது. எங்க வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பெர்மனெண்ட். அதனால் டவுன்ஷிப்பில் க்வார்ட்டர்ஸ். அவர் தம்பி, உன் வீட்டுக்காரன், காண்ட்ராக்ட் வேலை. அவனுக்கு க்வார்ட்டர்ஸ் கிடையாது. பண்ருட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த நீ, எங்கள் வீட்டுப் பின்பக்கம் தகர ஷீட் இறக்கின இடத்தில்தான் குடித்தனம் ஆரம்பித்தாய். ஓர்ப்படிகள் ரெண்டு பேர் ஒரே அடுப்பில் நின்றால் ஒரு மாசம் தாங்காது என்று பக்கத்து வீட்டு மதுரைக்காரம்மா சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ரிட்டையராகி ஊருக்குப் போகிற வரைக்கும் நம் சண்டைக்குக் காத்திருந்தாள், பாவம். பார்க்காமலே போனாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. நீ பெற்ற கதிர்தான் ரெண்டு பேருக்கும். அவனை என் மடியில் போட்டுவிட்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"மாமா வேலதான்க்கா பெர்மனெண்டு. வூடு பெர்மனெண்டு இல்ல. ரிட்டையர்டு ஆவற அன்னிக்கு சாவிய குடுத்துட்டு எறங்கணும். அன்னிக்கி இவன தூக்கிகினு எங்க போறது?"

நீ சொல்லிச் சொல்லித்தான் அவர் மந்தாரக்குப்பத்தில் மனை வாங்கினார். ரிட்டையரானபோது வந்ததையெல்லாம் இந்தச் சுவரில்தான் போட்டார். கீழே நாம் இருக்க ஒரு வீடு. மாடியில் வரிசையாக ரூம், வாடகைக்கு. அவருக்கு மாடி வேண்டாம் என்றுதான் இருந்தது. நீதான் பிடிவாதம் பிடித்தாய். புது வீட்டில் அவர் ரொம்ப நாள் இருக்கவும் இல்லை. அவர் போன பிறகு மாடி வாடகைதான் நமக்கு அரிசியும் பருப்பும். தம்பிக்கு வேலை இருக்கிற மாசமும் உண்டு, இல்லாத மாசமும் உண்டு.

அப்போதெல்லாம் மந்தாரக்குப்பத்தில் ரூம் காலியாகக் கிடக்கிறது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. காலையில் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். சாயங்காலம் இன்னொருவன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறுவான். வருகிறவர்களை நீதான் கேள்வி கேட்பாய். ஊர் கேட்க மாட்டாய், ஜாதி கேட்க மாட்டாய். "எந்த ஷிப்ட்டு?" அதுதான் முதல் கேள்வி. ஒரு கட்டிலுக்கு ரெண்டு ஆள் வைத்தவள் நீ. நைட் ஷிப்ட்காரன் எழுந்து கிளம்ப, பகல் ஷிப்ட்காரன் வந்து படுப்பான். ஷிப்ட் மாறுகிற வாரம் மாடிக்குப் போய் நீயே நின்று, யார் எந்தக் கட்டில் என்று பிரித்து விடுவாய்.

"நைட்டு பாக்கறவன்தான்க்கா தங்கம். ராத்திரி வூட்ல இருக்க மாட்டான், பகல்ல எந்திரிக்க மாட்டான். கரண்டு பில்லே வராது."

"பகல்ல ஃபேன் ஓடாதா?"

"ஓடும். லைட்டு எரியாதே!"

எப்போது குறைய ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரிட்டையரானவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு அத்தனை பேர் வரவில்லை. டவுன்ஷிப்பில் நாம் இருந்த ப்ளாக் பக்கம் ஒருமுறை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி வீட்டில் ஆள் இல்லை. நாம் இருந்த வீட்டு வாசல்படி வரைக்கும் செடி ஏறியிருந்தது. நீ முள்ளை விலக்கிக்கொண்டு போய் கதவைத் தட்டிப் பார்த்தாய். யாராவது திறந்தால் என்ன சொல்லியிருப்பாயோ.

இங்கேயும் அப்படித்தான் ஆனது. முனை மெஸ்காரன் கடையை மூடினான். படித்த பிள்ளைகள் ஓசூர், சென்னை, திருப்பூர் என்று போனார்கள். நம் கதிரும் திருப்பூருக்குப் போனான். மாடியில் ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர் என்றிருந்தது ஒரு ரூமுக்கு ஒருத்தன் என்று ஆனது. பிறகு அதுவும் இல்லை. தெருவில் ஒரு கேட் விடாமல் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. இதோடு, இந்தப் பக்கத்து நிலமும் ஒரு நாள் மைன்ஸுக்குப் போகும் என்று ஒரு பேச்சு. எடுப்பார்கள் என்று சொன்னவனும் ஒரு காகிதம் பார்த்ததில்லை, எடுக்க மாட்டார்கள் என்று சொன்னவனும் பார்த்ததில்லை. ஆனால் வீடு வாங்க வருகிறவன் காதில் அதுதான் முதலில் விழுந்தது. போகப்போகிற வீட்டை எவன் வாங்குவான்? இருக்கிறவர்களும் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தினார்கள். போகப்போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளை?

அந்த சூட்கேஸ்காரரை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து கையில் சூட்கேஸோடு ஒருவர் நம் தெருவில் நுழைந்தார். எதிர்வீட்டுச் செல்வி பார்ப்பதற்கு முன்னால் நீ கேட்டைத் திறந்துகொண்டு ஓடினாய்.

"வாங்க சார், வாங்க. ரூமுதான? மாடியில பாருங்க, காத்து பிச்சுகினு போவும். தண்ணி நிக்கவே நிக்காது."

அவரைப் பேசவே விடவில்லை. மாடிக்கு ஏற்றி, ஜன்னலையெல்லாம் திறந்து காட்டி, கீழே கூட்டி வந்து காபியும் கொடுத்தாய். அவர் காபியைக் குடித்து முடித்து, சூட்கேஸைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். மகளுக்குக் கல்யாணம், அடுத்த தெருவில் சொந்தக்காரருக்குப் பத்திரிகை வைக்க வந்தவர். செல்வி அந்தப் பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ அசரவில்லை.

"பொண்ணு மாப்ளைக்கு தனிக்குடித்தனம் வெக்க வூடு பாத்துட்டீங்களா சார்?"

அவர் சிரித்து, நமக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். நீ அந்தக் கல்யாணத்துக்கும் போய் வந்தாய். "மாப்ள துபாய் போறானாம்க்கா, பொண்ணயும் கூட்டிகினு. போவட்டும். சாம்பார் நல்லாருந்துச்சு" என்று வந்து சொன்னாய்.

சொல்லிவிட்டு சேலையை மடித்தவள் நடுவில் நிறுத்தினாய். "இந்த வூட்ட கட்டச் சொன்னது நான்தானக்கா. மாமா பணமெல்லாம் இதுல போச்சு. நான் இருக்கும்போதே இத வித்து உன் கையில குடுத்துடறேன். நீ பயப்படாத." நான் பயப்படவில்லை என்றேன். ஆனால் அன்றையிலிருந்து நீ வாடகைக்கு ஆள் தேடுவதை விட்டு, விற்க ஆள் தேட ஆரம்பித்தாய்.

அப்புறம்தான் உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. கடலூரில் பார்த்தோம், பாண்டிச்சேரியில் பார்த்தோம். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சந்துப் பக்கத்து ரூமில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். புரோக்கர் வண்டிச் சத்தம் உனக்குத் தெரியும். அது தெருமுனையில் திரும்பும்போதே கையை ஆட்டுவாய்.

"கதவ சாத்துக்கா. கிராக்கி வந்துகினு இருக்கு. சீக்காளி கெடக்கற வூட்ட எவன் வாங்குவான்?"

நான் கதவைச் சாத்திவிட்டு, அது சாமான் போட்டிருக்கிற ரூம் என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன். அவர்கள் சமையல் கட்டு, மாடி, மோட்டார் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் உள்ளேயிருந்து ஒரு முனகல் வராது. போன பிறகு கதவைத் திறந்தால் சேலைத் தலைப்பு உன் வாய்க்குள் இருக்கும். வெளியே எடுத்ததும் வலியைச் சொல்ல மாட்டாய். "இன்னா சொன்னாங்க?" என்றுதான் கேட்பாய். போன் பண்றேன்னு சொன்னாங்க என்பேன். "பண்ணுவாங்க" என்பாய்.

நீ போனது ஒரு மத்தியானம். என் கையில் கஞ்சி டம்ளர் இருந்தது. தெருவில் யாரோ ஜோசியருக்குப் போன் போட்டு அன்றைய நட்சத்திரம் கேட்டார்கள். அவிட்டம் என்றார்கள். அடைப்பு. அந்த நட்சத்திரத்தில் போனால், உயிர் போன ரூமை ஆறு மாசம் பூட்டி வைக்க வேண்டும். அதுவரைக்கும் ஆவி அங்கேதான் இருக்கும், நடுவில் திறந்தால் அலையும் என்பார்கள். உடம்பையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது, வந்த வழி தெரிந்து திரும்பிவிடும் என்பார்கள். இப்போது யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை, ஆனால் தெருப் பெரியவர்கள் விடவில்லை. தம்பி அழுதுகொண்டே கொத்தனாரைக் கூட்டி வந்தான். ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தார்கள். உள்ளேயிருந்து உன் காலைப் பிடித்துக் கொடுத்தவள் நான். நீ கனமே இல்லை பாப்பு. வெளியே நின்று செல்வி மாரில் அடித்துக்கொண்டாள். "வரவன் போறவனுக்கெல்லாம் கதவ தொறந்து வூடு காட்டினவளே! உன்ன ஜன்னல்ல எடுக்கறாங்களேடி!"

அன்றைக்கே செங்கல் வைத்து அடைத்துப் பூசினார்கள். கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் உன் கதவுக்கு முன்னால் ஒரு அகலும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு வருவேன். சொல்ல என்ன இருக்கிறது? இன்றைக்கும் யாரும் வரவில்லை என்பதுதான்.

வந்தவர்களும் சந்துப் பக்கம் வந்ததும் நின்றார்கள். அந்த ஒட்டைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். "அடைப்புங்களா?" என்று புரோக்கரிடம் மெதுவாகக் கேட்பார்கள். வாய் விட்டுக் கேட்காதவர்கள் மணி பார்ப்பார்கள். மாடியில் கடைசியாக மிச்சமிருந்த வெல்டரும் கிளம்பினார். "பயமெல்லாம் இல்லம்மா, காண்ட்ராக்ட்டு முடிஞ்சுபோச்சு" என்றார். இறங்கும்போது சந்துப் பக்கம் திரும்பாமல் இறங்கினார்.

அடைப்பு பாதிகூட முடியாதபோதுதான் ஆரோக்கியம் சாரும் அவர் வீட்டுக்காரம்மாவும் வந்தார்கள். சார் டவுன்ஷிப்பில் பெர்மனெண்ட். ரிட்டையராகப் போகிறார். க்வார்ட்டர்ஸ் சாவியைக் கொடுப்பதற்குள் ஒரு வீடு வேண்டும். அந்த அம்மாள் சந்தில் போய் ஒட்டைக் கையால் தொட்டே பார்த்தாள்.

"எங்களுக்கு அடைப்பெல்லாம் இல்லீங்கக்கா. செத்தவங்க ஆண்டவர்கிட்ட போயிடறாங்க. வூடு வூடுதான?"

தம்பி முகத்தில் எத்தனையோ மாசத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. சார் மட்டும் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஒரு ரூம பாக்காம எப்படி வாங்கறது? செவுரு ஓதமா, தரை எறங்கியிருக்கா, பாக்கணும் இல்லீங்களா?" அவர் கேட்டது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று போனார்கள்.

அவர்கள் போனதும் தம்பி கையை நீட்டினான். "அண்ணி, சாவிய குடுங்க."

"ஆறு மாசம் ஆவல தம்பி."

"ஆறு மாசம் கழிச்சு இவங்க வருவாங்களா? இந்த தெருவுல வூடு கேட்டு ஒருத்தன் வந்துகினு இருக்கானா, சொல்லுங்க. எனக்கு வேல நின்னுபோச்சு. கதிரு அங்க ஒத்த ரூம்புல கெடக்கறான். செத்தவளுக்கு வூடு எதுக்கு அண்ணி? இருக்கறவன் எங்க போறது?"

"அவ உன் பொண்டாட்டிடா."

"அதனாலதான் சொல்றேன். அவ இருந்தா மொத ஆளா அவளே தொறந்து உட்டிருப்பா."

அவன் சொன்னது நிஜம். நீ இருந்தால் திறந்திருப்பாய். ஆனால் நீ இல்லாததால்தானே அது பூட்டியிருக்கிறது? கதிரும் போனில் சொன்னான். "பெரிம்மா, அம்மா ஆசப்பட்டது இந்த வூடு விக்கணும்னுதான். வித்துட்டு நீயும் இங்க வந்துடு." சனிக்கிழமை முழுக்கச் சாவி என் இடுப்பில் சுட்டது. உன்னை, வீட்டை விற்கச் சொன்னவளாக நினைத்தால் திறக்க வேண்டும். உள்ளே இருக்கிறவளாக நினைத்தால் திறக்கக் கூடாது. ரெண்டும் நீதான். நான் எந்தப் பாப்பு பேச்சைக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயில் முடிந்து நேராக வந்தார்கள். நான் உன் கதவுக்கு முன்னால் நின்று, தினமும் பேசுகிற மாதிரியே, "பாப்பு, கிராக்கி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். மருந்து வாசனையும் அடைசல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. சீப்பில் உன் முடி இருந்தது. கட்டில் விரிப்பில் நீ படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. ஜன்னல் இல்லாமல் ரூம் இருட்டாக இருந்ததால் கதவை அகலத் திறந்து வைத்தோம். சார் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையை மிதித்துப் பார்த்தார். அந்த அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, உனக்காக ஒரு ஜெபம் சொன்னாள். எழுந்து என் கையைப் பிடித்தாள். "இங்க மறுபடியும் ஜன்னல் வெச்சுடறோம்க்கா. காத்து வரணும்." எனக்கு அவளைப் பிடித்துப் போனது. உனக்கும் பிடித்திருக்கும். வெள்ளிக்கிழமை வந்து முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். தம்பி அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். நான் மறுபடியும் கதவைப் பூட்டி, விளக்கு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. தம்பி போன் போட்டுப் போட்டுக் கடைசியில் புரோக்கர் எடுத்தார். சாரோடு வேலை செய்கிற யாரோ, அந்தப் பக்கமா, அது மைன்ஸுக்குப் போகிற இடமாயிற்றே என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் கும்பகோணம் பக்கம் வீடு பார்த்துவிட்டார்களாம். அவ்வளவுதான். உன்னைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை பாப்பு. உன் ரூமால் வியாபாரம் கெடவில்லை. அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கட்டின மூட்டையைத் தம்பி அவிழ்க்கவில்லை. திருப்பூருக்கே போய்விடுகிறேன் என்றான். என்னையும் கூப்பிட்டான்.

"வாங்க அண்ணி. இங்க தனியா இன்னா பண்ணப் போறீங்க?"

"அடைப்பு முடியட்டும். வெளக்கு வெக்க ஆள் வேணாமா?"

"அதான் தொறந்தாச்சே. இன்னும் இன்னா அண்ணி அடைப்பு?"

கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். சொன்னபின் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். செல்வி கேட்டில் நின்று பார்த்தாள். அவள் வீட்டிலும் மாடி காலிதான்.

அம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன், நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்று. "தொறக்கக் கூடாதும்மா" என்றார். திறந்தாச்சு சாமி, இனிமேல் என்ன செய்வது என்றேன். அவர் என் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவிட்டார்.

இப்போது இத்தனை ரூம் இருக்கிற வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. விளக்கு வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன், பேசுகிறேன். முன்னே மாதிரி பேச வரவில்லை. கதவைப் பார்த்துச் சொல்வதா, தெருவைப் பார்த்துச் சொல்வதா என்று நின்றுவிடுகிறேன். அன்றைக்குக் கதவு அகலத் திறந்து கிடந்ததே, அத்தனை நேரமும் நான் வந்தவர்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போனதும் அவசர அவசரமாகப் பூட்டினேன். நான் பூட்டினபோது நீ உள்ளே இருந்தாயா, வெளியே இருந்தாயா, பாப்பு?